வெல்டிங்கைப் படிக்கும் ஏஐ யூடி: ராணிப்பேட்டைப் பட்டறைக்கு வாடகைக்கு எடுக்கலாமா?

நேராகவே சொல்லிவிடலாம். 10 முதல் 25 மி.மீ கனத்தில் கார்பன் ஸ்டீல் பிளேட்டை நீள நீளமாக பட் ஜாயிண்ட் (ஓரத்தோடு ஓரம் வைத்து வெல்டு) போடுகிற பட்டறை என்றால், வெல்டுக்குள் ஒளிந்த குறையை அல்ட்ராசானிக் ஒலியால் தேடி (யூடி என்பது அதுதான்) ஏஐயால் படித்துச் சொல்லும் இந்தச் சேவையை வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம். டக்ட், ஃபில்லட் வெல்டு (மூலை வெல்டு), ஸ்டெயின்லெஸ் டேங்க் என்று ஓடுகிற பட்டறை என்றால், டெமோவுக்கு வருகிறவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம். எடுத்தாலும் முதலிலேயே வருடச் சந்தா கட்ட வேண்டாம்.

பேசப்படும் பொருள் இதுதான்: ஒலிக் கதிரைப் பல கோணங்களில் திருப்பும் ஃபேஸ்டு அரே யூடி கருவி ஒன்று, பிளேட் மேல் காந்தச் சக்கரத்தில் ஓடும் ஸ்கேனர், அதில் ஓடிய தூரத்தை அளக்கும் ஓர் என்கோடர், வெல்டுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக ஒலியை அனுப்பி வாங்கும் இரண்டு புரோப், பதிவான டேட்டாவைப் பார்த்துக் குறை இருக்கும் இடங்களைப் பெட்டி கட்டிக் காட்டும் ஏஐ மென்பொருள் ஏற்றிய லேப்டாப். ஆபரேட்டரோடு சேர்த்து நாள் வாடகைக்கோ மீட்டர் கணக்கிலோ பேசுவார்கள். விற்கிறவர்கள் பலர். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். குணமும் குறையும் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பொதுதான்.

பழைய வட ஆற்காட்டில் இதற்கு வேலை இருக்கிறதென்றால் அது ராணிப்பேட்டையைச் சுற்றித்தான். பெல் (பிஎச்இஎல்) நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவித் தொழிற்சாலை அங்கே எலெக்ட்ரோஸ்டாடிக் பிரெசிபிடேட்டர், ஃபேன், ஏர் பிரீஹீட்டர், டேம்பர் என்று செய்கிறது. அந்த வகை வேலைகளில் கை பழகிய ஃபேப்ரிகேஷன் யூனிட்கள் சிப்காட் பக்கம் உண்டு. கதிரியக்க இரிடியம்-192 வைத்து ரேடியோகிராபி (எக்ஸ்ரே போல வெல்டைப் படமெடுப்பது) எடுப்பதென்றால் கயிறு கட்டி ஆட்களை வெளியேற்ற வேண்டும், ஷெட்டின் அந்தப் பகுதி முழுக்க வேலை நிற்கும். யூடிக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் சாதாரண யூடியில் ஒரு பழைய சண்டை உண்டு: ஸ்கிரீனில் வந்த சிக்னலை ஆபரேட்டர் ஒருவர்தான் பார்த்தார், பதிவு எதுவும் இல்லை. என்கோடர் வைத்த ஃபேஸ்டு அரே வந்ததும் அந்தச் சண்டை முடிந்தது. கூடவே இன்னொன்று ஆரம்பித்தது: இவ்வளவு பதிவையும் யார் உட்கார்ந்து பார்ப்பது?

கணக்குப் போட்டால் புரியும். கதிரை 40 முதல் 70 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரியாகத் திருப்பினால் ஓர் இடத்துக்கு 31 ஏ-ஸ்கேன் (ஒரு கோணத்தில் வந்த எதிரொலியின் பதிவு). 1 மி.மீக்கு ஒரு முறை பதிந்தால் மீட்டருக்கு 31,000. ஏ-ஸ்கேன் ஒன்றில் 1,000 புள்ளி, புள்ளிக்கு 2 பைட் என்றால் மீட்டருக்கு 62 எம்பி. இரண்டு பக்கமும் சேர்த்து 124. ஒரு நாளில் 40 மீட்டர் ஓட்டினால் 5 ஜிபியைத் தொடும். லெவல் டூ ஆள் (யூடியில் இரண்டாம் நிலைச் சான்று பெற்றவர்) ஒருவர் சாயந்திரம் உட்கார்ந்து இதைப் புரட்டும்போது முதல் பத்து மீட்டரைப் பார்த்த கண் கடைசிப் பத்து மீட்டரில் இருக்காது. ஏஐக்கு அந்த அலுப்பு இல்லை. அது காசு வாங்குவது இதற்குத்தான்.

உள்ளே ஓடுவது பெரும்பாலும் படம் பார்த்துப் பழகும் நியூரல் நெட்வொர்க். எஸ்-ஸ்கேன் (குறுக்குவெட்டு), சி-ஸ்கேன் (மேலிருந்து பார்ப்பது) படங்களில் 'இது லேக் ஆஃப் ஃப்யூஷன் (உலோகம் உருகி ஒட்டாத இடம்), இது ஸ்லாக் (உள்ளே சிக்கிய கசடு), இது ரூட் பீடு (வெல்டின் அடியில் இயல்பாக வரும் புடைப்பு)' என்று மனிதர்கள் குறித்துக் கொடுத்ததை வைத்துப் பழகியிருக்கும். நிஜக் குறை உள்ள டேட்டா போதுமான அளவு கிடைப்பதில்லை. அதனால் ஒரு குறையின் சிக்னலைத் தனியே எடுத்து, அளவையும் இடத்தையும் மாற்றி, நல்ல வெல்டின் டேட்டாவில் ஒட்டிப் பயிற்சிப் படங்களைப் பெருக்குகிறார்கள். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வழியில் செய்து காட்டியிருக்கிறார்கள். வழி நல்ல வழிதான். எதை எடுத்து எதில் ஒட்டினார்கள் என்று மட்டும் விற்கிறவரைக் கேட்க வேண்டும். சோதனைக்காக எந்திரத்தில் வெட்டிய நாட்ச் (பள்ளம்) சுத்தமாக, பளிச்சென்று எதிரொலிக்கும். நிஜக் கிராக் கிளை விட்டுக் கோணல் மாணலாக ஓடும், வந்த ஒலியில் பாதியை வேறெங்கோ திருப்பிவிடும். நாட்ச் மட்டும் பார்த்துப் பழகிய மாடல் பளிச் சிக்னலைத்தான் தேடும்.

இந்தச் சேவையில் மெய்யாகவே பிடித்துப்போகிற அம்சம், விளம்பரத்தில் கடைசி வரியில் இருப்பது. ஸ்கேனர் ஜாயிண்ட்டை விட்டு இறங்குவதற்கு முன்பே, கப்ளிங் (புரோப்புக்கும் பிளேட்டுக்கும் நடுவே ஒலி கடக்கும் தொடர்பு) போன இடத்தையும் விடுபட்ட கோடுகளையும் சிவப்பில் காட்டிவிடுகிறது. ஸ்பேட்டர் (வெல்டிங்கில் தெறித்து ஒட்டிய துளி) மேல் ஏறி வெட்ஜ் (புரோப்புக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் ஆப்பு) தூக்கிக்கொண்ட இடம், கப்ளிங்குக்குத் தடவிய சிஎம்சி பசை வெயிலில் காய்ந்துபோன இடம், உதவியாள் ஸ்கேனரை வேகமாகத் தள்ளிய இடம் எல்லாம் உடனே தெரிகிறது. ஏஎஸ்எம்இ (அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம்) விதிநூலின் செக்ஷன் 5 ஆர்டிகிள் 4, 75 மி.மீக்குக் கீழான கனத்துக்குப் பதிவு இடைவெளி 1 மி.மீக்கு மேல் போகக் கூடாது என்கிறது. விடுபட்ட கோட்டில் கிராக் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க உலகத்தில் எந்த ஏஐயும் இல்லை. முன்பெல்லாம் இந்த ஓட்டை மறுநாள் அலுவலகத்தில் டேட்டாவைத் திறக்கும்போதுதான் தெரியும். அதற்குள் ஜாப் பெயிண்ட்டுக்குப் போயிருக்கும். வேடிக்கை என்னவென்றால், இரைச்சல் மட்டம் விழுவதையும் என்கோடர் எண் தாவுவதையும் பார்க்க நியூரல் நெட்வொர்க்கே தேவையில்லை, நாலு வரி விதி போதும். இதையும் ஏஐ என்று பில் போடுகிறார்கள். போடட்டும், வேலை நடக்கிறது.

கப்ளிங் விஷயத்தில் நம்ம ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஸ்கேனரோடு வரும் வெட்ஜில் தண்ணீர் கசிய மெல்லிய துளைகள் இருக்கும். பாலாற்றுப் படுகைப் பக்கத்து போர் தண்ணீரை அப்படியே ஊற்றினால் உப்புப் படிந்து துளை அடைத்துக்கொள்ளும், ஒரு பக்கப் புரோப் மட்டும் மெல்ல மெல்ல மங்கும். கேன் தண்ணீர் ஊற்றுங்கள், நாள் முடிவில் துளையை ஊதிவிடுங்கள். துருப்பிடிக்காமல் இருக்கக் கலக்கும் திரவத்தை வாடகைக்காரரே தருகிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இனி குறை கண்டுபிடிக்கும் வேலை. சைடுவால் லேக் ஆஃப் ஃப்யூஷனைப் பிடிப்பதில் ஏஐ கெட்டி. காரணம் ஜியோமெட்ரி. 30 டிகிரி பெவலுக்கு (பிளேட் ஓரத்தில் வெட்டிய சாய்வுக்கு) 60 டிகிரி கதிர் செங்குத்தாக விழும். சிக்னல் வலுவாக, பெவல் கோட்டின் மேலேயே உட்காரும். பிளேட் வேலையில் சிஓடூ வெல்டிங்கில் கரண்ட் குறைத்து ஓட்டினால் வருவதும் இந்தக் குறைதான். ஆக, நம் பட்டறைகளில் அதிகம் வரும் குறையும் ஏஐக்கு நன்றாகத் தெரிந்த குறையும் ஒன்றாக இருக்கின்றன. இந்த ஒரு பொருத்தத்துக்காகவே மதிப்பெண் கூடுகிறது.

ரூட்டுக்கு வந்தால்தான் தகராறு. 16 மி.மீ பிளேட், சிங்கிள் வி (மேல் பக்கம் மட்டும் வி வடிவில் வெட்டியது), ரூட் கேப் (அடியில் இரண்டு பிளேட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி) 3 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். ரூட் பீடு அடியில் ஒன்றரை, இரண்டு மி.மீ புடைத்திருக்கும். ஒலி அந்தப் புடைப்பின் எதிர்ப்பக்க ஓரத்தில் மோதித் திரும்புகிறது. ஆகவே சிக்னல் 17, 18 மி.மீ ஆழத்தில், வெல்டின் நடுக்கோட்டைத் தாண்டி ஒன்றிரண்டு மி.மீ அந்தப் பக்கம் விழும். மறுபக்கப் புரோப்பிலும் அதுபோலவே நடுக்கோட்டைத் தாண்டும். இரண்டு பக்கச் சிக்னலும் ஒன்றையொன்று கடந்து போனால் அது ரூட் பீடு. லேக் ஆஃப் பெனிட்ரேஷன் என்றால் உருகாமல் நின்றுவிட்ட ரூட் முனை. ஆழம் சரியாக 16, நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கும், இரண்டு புரோப்பிலும் அப்படித்தான். நல்ல மாடல்கள் இதைப் பிரித்துவிடுகின்றன. ஒரு பக்கப் படத்தை மட்டும் தனித்தனியாகப் பார்க்கும் மாடல்கள் தடுமாறுகின்றன. டெமோவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இரண்டு பக்க டேட்டாவையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்கிறதா, தனித்தனியாகவா?

இதைவிடப் பெரிய பொறி ஹை-லோ. ஃபிட்-அப்பில் (வெல்டுக்கு முன் பிளேட்களைச் சேர்த்து நிறுத்தும்போது) ஒரு பிளேட் 2 மி.மீ இறங்கிவிட்டால் அதன் அடி ஓரம் படிபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். இறங்கிய பிளேட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் படி அச்சாக லேக் ஆஃப் பெனிட்ரேஷன் மாதிரியே சிக்னல் கொடுக்கும்: ஆழம் 16, நடுக்கோட்டுக்கு முன்னால், அழுத்தமான எதிரொலி. மறுபக்கத்தில் ஒன்றும் இருக்காது. ஏஐ தயங்காமல் சிவப்புப் பெட்டி போட்டுவிடும். ஆனால் ரூட்டின் ஒரு பக்கம் மட்டும் ஃப்யூஷன் ஆகாமல் போனாலும் இதே மாதிரி ஒரு பக்கச் சிக்னல் வரலாம். ஆக 'ஒரு பக்கம்தானே, ஹை-லோதான்' என்று தள்ளிவிடவும் முடியாது. கேஜ் வைத்து ஹை-லோ அளக்க வேண்டும், அடியில் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து ரூட்டைப் பார்க்க வேண்டும். பார்க்க முடியாத பாக்ஸ் செக்‌ஷன் என்றால் ஃபிட்-அப் சமயத்தில் எடுத்த ஹை-லோ அளவுகள் கையில் இருக்க வேண்டும். அந்த அளவுகளை மென்பொருளில் ஏற்ற இடம் இருந்தால் நல்ல மென்பொருள். பெரும்பாலும் இருக்காது, வரைபடத்தில் உள்ள கச்சிதமான வி-யை நம்பித்தான் அது கோடு போட்டிருக்கும்.

'இன்னா சார், மிஷின் சொல்லிச்சுன்னா வெட்டிட்றதா?' என்று வெல்டர் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு இடத்தை கௌஜ் அடித்துக் குடைந்து, கிரைண்ட் பண்ணி, டிபி (சாயம் தடவி மேற்பரப்புக் கிராக் தேடுவது) பார்த்து, திரும்ப வெல்டு போட்டு, திரும்ப ஸ்கேன் பண்ணுவதற்குள் அரை ஷிஃப்ட் போகும். தேவையில்லாமல் வெட்டித் திரும்ப நிரப்பிய இடம், வெட்டாமல் விட்ட நல்ல வெல்டைவிடச் சுருக்கத்திலும் உள்ளே தங்கிவிடும் இறுக்கத்திலும் மோசம்.

கேப் (இடைவெளி அல்ல, வெல்டின் மேல் புடைப்பு) பகுதியில் வரும் பொய்ச் சிக்னல்களுக்குப் பழைய கை வைத்தியமே போதும். இரண்டாவது லெக்கில் (கதிர் அடியில் மோதி மேலே திரும்பும் பாதையில்) 0 ஆழத்துக்குப் பக்கத்தில் சிக்னல் வந்தால், கப்ளண்ட் தோய்ந்த விரலைக் கேப்பின் ஓரத்தில் வைத்து மெல்லத் தட்ட வேண்டும். விரல் பட்டதும் ஸ்கிரீனில் சிக்னல் ஆடினால் ஒலி மேற்பரப்பு வரை வந்து கேப்பின் ஓரத்தில் திரும்புகிறது என்று பொருள். ஆடாமல் நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அந்த விரல் ஏஐக்கு இல்லை. ஆகவே அது குறித்த இடங்களை லேப்டாப்பிலேயே தீர்த்துவிடாமல், புரோப்போடு ஒரு முறை ஜாயிண்ட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கும் ஏற்பாடு ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பல வாடகைக்காரர்கள் ஸ்கேன் முடிந்ததும் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். அறிக்கை மறுநாள் மெயிலில் வரும். அது உதவாது.

குறைக்குப் பெயர் வைப்பதில் ஏஐ செய்யும் பிழைகள் எல்லாம் ஒரே எடை அல்ல. ஏஎஸ்எம்இ செக்ஷன் 8 டிவிஷன் 1, அப்பெண்டிக்ஸ் 12 படி கிராக், லேக் ஆஃப் ஃப்யூஷன், இன்கம்ப்ளீட் பெனிட்ரேஷன் (மேலே சொன்ன லேக் ஆஃப் பெனிட்ரேஷன்தான்) எந்த நீளமானாலும் ரிஜெக்ட். மற்றவை ரெஃபரன்ஸ் லெவலை (காலிபிரேஷனில் வைத்த சிக்னல் அளவை) தாண்டி, நீளமும் எல்லையை மீறினால்தான் ரிஜெக்ட்: 19 மி.மீ வரையான கனத்துக்கு 6 மி.மீ, 19 முதல் 57 வரை கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் 19 மி.மீ. இப்போது 16 மி.மீ பிளேட்டில் 5 மி.மீ நீள ஸ்லாக்கை லேக் ஆஃப் ஃப்யூஷன் என்று ஏஐ சொன்னால் வெட்டிச் செலவு, அவ்வளவுதான். 5 மி.மீ லேக் ஆஃப் ஃப்யூஷனை ஸ்லாக் என்று சொன்னால் அது அக்செப்ட் ஆகி வண்டியேறிவிடும். விற்கிறவர் காட்டும் 'இத்தனை சதவீதம் சரி' என்ற எண் இந்த இரண்டு பிழையையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. பிளானர் குறையை (கிராக், லேக் ஆஃப் ஃப்யூஷன் போலத் தட்டையானதை) வால்யூமெட்ரிக் (ஸ்லாக் போலப் பருமன் உள்ளது) என்று எத்தனை முறை சொன்னது என்பதைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

சதவீதத்தைப் பற்றி இன்னொரு கணக்கு. 100 மீட்டர் வெல்டை 25 மி.மீ துண்டுகளாகப் பார்த்தால் 4,000 துண்டு. அதில் நிஜக் குறை 20 துண்டில் இருக்கிறது, ஏஐ இருபதையும் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நல்ல துண்டில் நூற்றுக்கு ஒன்றைத் தவறாகக் குறித்தால் அதுவே 40. ஆக 60 சிவப்புப் பெட்டியில் 40 பொய். '99 சதவீதம்' என்று விளம்பரம் போடுகிற மென்பொருளில் மூன்றுக்கு இரண்டு பெட்டி வீண். வெல்டிங் தரம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பொய்யின் பங்கு கூடும். இதில் தப்பில்லை; பெட்டி கட்டியதெல்லாம் லெவல் டூ பார்க்க வேண்டிய இடம் என்று எடுத்துக்கொண்டால் 4,000 துண்டுக்குப் பதில் 60 பார்த்தால் போதும். ஆனால் திரும்பத் திரும்பப் பொய் வந்தால் பார்க்கிறவர் மூன்றாம் நாளே எல்லாவற்றையும் 'ஜியோமெட்ரி' என்று அழுத்தித் தள்ள ஆரம்பித்துவிடுவார். எரிச்சலில் த்ரெஷோல்டை (பெட்டி போடத் தொடங்கும் எல்லையை) ஏற்றிவைப்பார். பிறகு பெட்டிகள் குறையும், எல்லாருக்கும் நிம்மதி, தப்பிப்போன குறைக்கும் நிம்மதி. த்ரெஷோல்டை மாற்ற யாருக்கு அதிகாரம், மாற்றினால் அறிக்கையில் பதிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முடியாது. சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் ஊர். யார்டில் வெயிலில் கிடக்கும் பிளேட் 50-ஐச் சுலபமாகத் தாண்டும். காலிபிரேஷன் பிளாக்கோ ஏசி ரூமில் 25 டிகிரியில் இருக்கும். காலிபிரேஷன் செய்த வெப்பநிலைக்கும் ஜாப்புக்கும் வித்தியாசம் 14 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று ஆர்டிகிள் 4 சொல்வது சும்மா இல்லை. வெட்ஜ் பிளாஸ்டிக் சூடானால் அதில் ஒலி வேகம் குறையும். ஸ்டீலில் அந்த அளவுக்குக் குறையாது. ஆகவே கதிர் கூடுதலாக வளையும். அக்ரிலிக் வெட்ஜில் 30 டிகிரி சூடு ஏறினால் 60 டிகிரிக் கதிர் சுமார் 62 ஆகிவிடும். 70 டிகிரிக் கதிர் இன்னும் அதிகம் போகும். 20 மி.மீ பிளேட்டில் அந்த 60 டிகிரிக் கதிர் அடியைத் தொடும் இடம் 34.6 மி.மீயிலிருந்து 37.6-க்கு நகரும். மென்பொருளுக்கு அது தெரியாது. ஒலி வந்த தூரம் 42.6, அதை 60 டிகிரி என்று நினைத்து வரைவதால் அடியில் மோதிய சிக்னல் 21.3 மி.மீ ஆழத்தில், பிளேட்டுக்கு வெளியே விழும். அனுபவமுள்ள ஆபரேட்டர் ரூட் வரிசை முழுக்க ஒரே அளவு இறங்கியிருப்பதைப் பார்த்ததும் 'வெட்ஜ் சூடு' என்பார். ஏஐ சில மீட்டருக்கு ரூட் பீடை எல்லாம் குறை என்று கட்டும், அல்லது நிஜ ரூட் குறையை ஜியோமெட்ரி மண்டலத்துக்குள் விட்டுவிடும். இரண்டாவதுதான் பயம்.

செய்ய வேண்டியது எளிது. காலிபிரேஷன் பிளாக்கை ஒரு மணி நேரம் ஜாப் பக்கத்திலேயே போட்டு வைக்க வேண்டும், தொடும் தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும், காலையிலோ மாலையிலோ ஸ்கேன் போட வேண்டும், ஜாப்புக்குத் தற்காலிகக் கொட்டகை இருந்தால் இன்னும் நல்லது. கோடையில் பகல் 12-லிருந்து 4 வரை வெட்டவெளியில் ஸ்கேன் ஓட்டச் சம்மதிக்கும் ஆபரேட்டரை நம்ப வேண்டாம்.

தயாரிப்பில் கை வைக்க வேண்டிய மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெல்டின் இரண்டு பக்கமும் கதிர் போய்த் திரும்பும் தூரம் வரை ஸ்பேட்டர், துரு, உரிந்த பெயிண்ட் இல்லாமல் கிரைண்ட் செய்திருக்க வேண்டும்; 20 மி.மீ பிளேட்டில் 70 டிகிரிக்கு முழு ஸ்கிப் 110 மி.மீ வரும். என்கோடரை 500 மி.மீ தள்ளி அளந்தால் திரையில் 1 சதவீதத்துக்குள், அதாவது 5 மி.மீக்குள் நிற்க வேண்டும். 0 டிகிரி புரோப்பால் பக்கத்துப் பிளேட்டில் லேமினேஷன் (தகட்டுக்குள் அடுக்காகப் பிரிந்த பிளவு) இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். லேமினேஷன் இருந்தால் அதன் நிழலில் உள்ள வெல்டு ஒலியையே பார்ப்பதில்லை, ஏஐ அந்தப் பகுதியைச் 'சுத்தம்' என்று பச்சையில் காட்டும். ஸ்கேனருக்கு வழிகாட்டும் காந்தப் பட்டையை வெல்டின் நடுக்கோட்டிலிருந்து அளந்து ஒட்ட வேண்டும். கேப்பின் ஓரத்தை வைத்து ஒட்டினால் கேப் அகலம் மாறும் இடத்தில் மொத்தப் படமும் நகரும். 64 எலிமென்ட் (ஒலி எழுப்பும் சிறு துண்டு) உள்ள புரோப்பில் செத்த எலிமென்ட் இருக்கிறதா என்று ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஒரு முறை பார்க்க இரண்டு நிமிஷம் ஆகாது. கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) இஷ்டத்துக்கு 6 டெசிபல் ஏற்றினால் எல்லாச் சிக்னலும் இரண்டு மடங்காகும். பழகிய அளவு மாறியதில் மாடல் குழம்பும்.

எதற்கு ஆகாது என்பதற்கு வருவோம். ஃபேஸ்டு அரேக்கான ஐஎஸ்ஓ 13588 தரமே 6 மி.மீக்குக் கீழே பேசுவதில்லை. 5 மி.மீ டக்ட் பிளேட்டுக்கு இதைக் கொண்டு வருவது வீண். பிரெசிபிடேட்டர் கேசிங் வேலையில் பெரும்பங்கு ஃபில்லட் வெல்டு. அங்கே கண்ணும் கேஜும் டிபியும்தான். ஆஸ்டெனிடிக் ஸ்டெயின்லெஸ் வெல்டில் பெரிய நீளமான கிரெய்ன்கள் (உலோகப் படிகங்கள்) கதிரை வளைத்துச் சிதறடிக்கும். கார்பன் ஸ்டீலில் பழகிய மாடல் அந்த இரைச்சலைப் பார்த்துப் போரோசிட்டி (வாயுக் குமிழி) மழை என்று சொல்லும். கெமிக்கல் யூனிட்களுக்கு 304, 316 டேங்க் செய்கிறவர்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் கிராக் வரக்கூடிய உயர் வலிமை ஸ்டீலில் வெல்டு ஆறியதும் ஸ்கேன் போட்டால் கிராக் இன்னும் பிறந்தே இருக்காது. அத்தகைய ஸ்டீல்களுக்கு ஏடபிள்யூஎஸ் (அமெரிக்க வெல்டிங் சங்கம்) விதியான டி1.1, 48 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறது. டெலிவரி அவசரத்துக்கு ஏஐ குறுக்கு வழி தராது.

வாடகைக்கு எடுக்கும் முன் சொந்த டெஸ்ட் பிளேட் வேண்டும். விற்கிறவர் கொண்டு வரும் பிளேட்டில் அவருடைய மாடல் நன்றாகத்தான் படிக்கும். உங்கள் பட்டறை வெல்டர், உங்கள் எலெக்ட்ரோடு, உங்கள் பெவல். 16 மி.மீயில் 300 மி.மீ நீளமுள்ள ஜாயிண்ட்கள் போதும். ரூட் கேப் இல்லாமல், 3 மி.மீ ரூட் ஃபேஸ் (சாய்வு வெட்டாமல் விடும் நேர் முனை) வைத்து ஒரு பகுதியை ஓட்டினால் லேக் ஆஃப் பெனிட்ரேஷன். ஒரு பாஸில் ஸ்லாக்கைத் தட்டாமல் மேலே ஓட்டினால் ஸ்லாக். காற்றில் கிடந்து ஈரம் ஏறிய 7018 ராடு போட்டாலோ, சிஓடூவில் கேஸைக் குறைத்தாலோ போரோசிட்டி. க்ரூவில் சிறு செம்புக் கம்பியை உருக்கிவிட்டால் ஹாட் கிராக். கரண்ட் குறைத்துப் பெவல் ஓரத்தில் வேகமாக ஓட்டினால் லேக் ஆஃப் ஃப்யூஷன். எந்த மில்லிமீட்டரில் எது என்று எழுதி உள்ளே வைத்துவிடுங்கள், விற்கிறவருக்கும் ஆபரேட்டருக்கும் காட்டாதீர்கள்.

எத்தனை குறை வேண்டும்? 90 சதவீதம் பிடிக்கும் என்பதை 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல, ஒன்றுகூடத் தவறாமல் 29-க்கு 29 பிடிக்க வேண்டும், 0.9-ஐ 29 முறை பெருக்கினால்தான் 0.05-க்குக் கீழே இறங்கும். பிளேட்டுக்கு 4 குறை என்றால் 8 பிளேட். ஒன்று தப்பினால் 29 போதாது, 46 வேண்டும். 'பத்துக்குப் பத்து பிடிச்சிடுச்சு சார்' என்பதில் ஒன்றும் நிரூபணமாகவில்லை. குறை இல்லாத நீளமும் குறை உள்ளதைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொய்ப் பெட்டிகளின் கணக்கு வராது. முடிவில் சந்தேகம் வந்தால் அந்த இடத்தை வெட்டி, பாலிஷ் போட்டு, நைட்டால் ஊற்றிப் பாருங்கள்: 100 மி.லி ஆல்கஹாலில் 5 மி.லி நைட்ரிக் ஆசிட்டை மெல்ல விட்டுக் கலக்குவது. அப்போதைக்கு அப்போது கலந்து மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், பாட்டிலில் இறுக்கி மூடி வைக்கக் கூடாது.

சில வாடகைக்காரர்கள் பைத்தான் புரோகிராமிங் நன்றாகத் தெரிந்த இளைஞரை ஆபரேட்டராக அனுப்புகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் அறிக்கையில் கையெழுத்துப் போட எஸ்என்டி-டிசி-1ஏ அல்லது ஐஎஸ்ஓ 9712 என்ற சான்றளிப்பு விதிப்படி யூடி லெவல் டூ வேண்டும், அதிலும் ஃபேஸ்டு அரேயில் தனிப் பயிற்சி வேண்டும். ஏஐ தானாகக் கையெழுத்துப் போட இன்றைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் ஒப்பமாட்டார். ஐரோப்பாவின் அணுமின் துறைக்கான எனிக் அமைப்பு 2021-ல் மெஷின் லேர்னிங் சேர்ந்த என்டிடி (பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும்) முறைகளை எப்படித் தகுதிச் சோதனை செய்வது என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. விற்கிறவருக்கு அதன் பெயராவது தெரிந்திருந்தால் பேச்சு சுலபமாக இருக்கும்.

மீட்டர் கணக்கா நாள் கணக்கா என்பதில் ஒரு யோசனை. மீட்டர் கணக்கு என்றால் ஆபரேட்டர் வேகமாக ஓட்டப் பார்ப்பார், கப்ளிங் போன இடத்தைத் திரும்ப ஓட்டத் தயங்குவார். முதல் ஜாப்புக்கு நாள் வாடகையே நல்லது. ஆராய்ச்சி கிளவுடில் நடக்கிறதா, லேப்டாப்பிலேயே நடக்கிறதா என்றும் கேளுங்கள்: நாளுக்கு 5 ஜிபியை சிப்காட் செட்டிலிருந்து மேலேற்றிக்கொண்டிருந்தால் பலன் மறுநாள்தான். கஸ்டமரின் டிராயிங் நம்பரும் டேட்டாவும் வெளியே போவதற்கு அவர் சம்மதம் வேண்டும். உங்கள் டேட்டாவை வைத்து அவர்கள் மாடலுக்குப் பயிற்சி கொடுப்பதும் அதில் அடக்கம். மூல டேட்டா கோப்பு உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும், வேறு மென்பொருளில் திறக்கவும் வேண்டும். பெட்டி கட்டிய பிடிஎஃப் மட்டும் தருகிறவரிடம் போகாதீர்கள்.

வெர்ஷன் நம்பரை ஒவ்வொரு அறிக்கையிலும் அச்சிடச் சொல்லுங்கள். ஜாப் நடுவில் அப்டேட் வந்து நேற்றுப் பச்சையாக இருந்த ஜாயிண்ட் இன்று சிவப்பாகும், அல்லது நேர்மாறாக. பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடலாம்: ஜாப் முடியும்வரை ஒரே வெர்ஷன், அப்டேட் போட்டால் அந்த 8 டெஸ்ட் பிளேட்டின் சேமித்த ஸ்கேன்களையும் புது வெர்ஷனில் திரும்ப ஓட்டி, முடிவு மாறிய இடங்களைக் காட்டிய பிறகுதான் அடுத்த ஜாயிண்ட்.